நம் குழந்தைகளும் நடிப்புத் தேர்வும்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியர் நடித்த நாடகத்தை அன்பர்கள் பலரும் கண்டு களித்திருப்பீர்கள். நாடகம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தாய்மார் சிலர் என்னிடம் வந்தார்கள். "தம்பி, எங்கள் பிள்ளையும் நன்றாகத்தானே நடிக்கிறான்? அந்தேரிப் பக்கம் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்களாமே! அழைத்துக்கொண்டு போகலாமா? என்ன சொல்லிக் கொடுக்கவேண்டும்?" என்று கேட்டார்கள். அன்று இரண்டொரு வார்த்தையில் விடை கூறி அனுப்பிவிட்டேன். கேள்வியோ இரண்டொரு வார்த்தையில் அடங்குவதன்று. ஆகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் நடிகனும் அல்லேன், நாடகாசிரியனும் அல்லேன். மெட்ரிக் தேறி, ரயில்வேயில் பயணச்சீட்டு வழங்கும் குமாஸ்தாவாக வேலை பார்த்து வருபவன். ஆயினும் சில ஆண்டுகளாகச் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஒத்திகை நடத்தி வருகிறேன். ஒன்பது வயதான என் தங்கை மகளை ஆடிஷன் என்று இவ்வூரில் வழங்கும் நடிப்புத் தேர்வுக்கு இருமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். முதல் முறை நான் செய்த பிழையை மற்றவர்கள் செய்யாதிருக்கவேண்டும் என்பதே என் விருப்பம்.

முதல் தேர்வு

கோவண்டியில் ஹார்பர் வண்டி ஏறி, வடாலாவில் மாறி, அந்தேரி சென்று இறங்கினோம். சென்ற இடத்தில் ஒரு சிறிய கூடம். நாற்பது குழந்தைகளுக்குக் குறையாது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண் எழுதிய தாளைக் கொடுத்தார்கள். முறை வந்ததும் காமிராவின் முன் நின்று பெயர், வயது, உயரம் ஆகியவற்றைச் சொல்லவேண்டும். பிறகு வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பி முகம் காட்டவேண்டும். அதன் பின்னரே நடிப்பு.

என் மருமகளின் பெயரைக் கேட்டதும் தேர்வு நடத்திய இளைஞர், "மதராஸியா? அப்படியானால் மதராஸி மாதிரி பேசிக் காட்டு" என்று இந்தியில் சொன்னார். குழந்தை தொலைக்காட்சியில் கண்டதையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு, தலையை ஆட்டி, வார்த்தைக்கு வார்த்தை "ஐயோ, ஐயோ" என்று சேர்த்து, இல்லாத ஓர் இந்தியைப் பேசிக் காட்டினாள். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். "நன்று, சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

திரும்பும்போது வடாலா நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தோம். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, ஆச்சி அப்படியா பேசுதா?" என்று கேட்டாள்.

ஆச்சி என்பது என் தாயார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி இவ்வூருக்கு வந்து, இந்தியும் மராத்தியும் செவிவழியே கற்று, எங்களை ஆளாக்கியவர். குழந்தையின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. வண்டி வந்துவிட்டது, ஏறிக்கொண்டோம்.

வகையா, ஆளா?

இந்திப் படவுலகில் நம்மவரை இவ்வாறு காட்டுவது புதிதன்று. 1968-இல் வெளிவந்த 'படோசன்' படத்தில் குடுமி வைத்த சங்கீத ஆசிரியராக மெஹ்மூத் நடித்தார். அவர் பெரும் நடிகர் என்பதிலும், அப்படம் வடநாட்டாரும் நம்மவரும் சேர்ந்தே சிரித்து மகிழ்ந்த படம் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பின்னே வந்தவர்கள் அவரது திறமையை விட்டுவிட்டார்கள். குடுமியையும் உச்சரிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'மதராஸி' என்று ஒரு வகை உண்டாயிற்று. அந்த வகையை நாற்பது குழந்தைகளும் செய்து காட்டலாம். அப்படியிருக்க, ஒரு குழந்தையை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம் இருக்கமுடியும்? என் தாயாரையோ அவருடைய பேத்தி ஒருத்தியால்தான் நடித்துக் காட்டமுடியும்.

இது தமிழ்க் குழந்தைகளுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. எந்தத் தேர்விலும் "ஏழைச் சிறுவனாக நடி", "குறும்புக்காரச் சிறுமியாக நடி" என்றுதான் சொல்வார்கள். குழந்தைகள் உடனே தாம் திரையில் கண்ட ஏழையை, திரையில் கண்ட குறும்பை நடிப்பார்கள். பார்ப்பவருக்கோ, அன்று காலை முதல் பார்த்த முகமாகவே எல்லாம் தோன்றும். கேட்டது ஒரு வகையாயினும் நம் குழந்தை கொடுக்கவேண்டியது ஓர் ஆளை. இதற்கு நம்மவரின் நாடக வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு.

பழைய பாலர் சபைகள்

சிறுவர்களை மட்டும் கொண்டு நாடகம் நடத்திய 'பாய்ஸ் கம்பெனி'களைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். 1912-இல் பிறந்த டி. கே. சண்முகம் தம் தமையன்மாருடன் அச்சபையில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. அச்சிறுவனின் குரலையும் துடிப்பையும் கண்ட சுவாமிகள், அவனுக்காகவே அபிமன்யு நாடகத்தை ஓர் இரவில் எழுதி முடித்தார் என்று வரலாறு கூறுகிறது. பாத்திரத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து பிள்ளையின் மேல் போர்த்தாமல், பிள்ளையிடம் இருப்பதைக் கண்டு பாத்திரத்தை அமைத்தார் அப்பெரியவர். அப்பிள்ளையே பின்னாளில் முதிய ஔவைப் பிராட்டியாராக நடித்து 'ஔவை சண்முகம்' என்று பெயர் பெற்றார். அந்தப் பெயரை நினைவூட்டியே கமல்ஹாசன் தம் 1996-ஆம் ஆண்டுப் படத்திற்கு 'அவ்வை சண்முகி' எனப் பெயரிட்டார். 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் ஐந்து வயதுச் சிறுவனாக நடித்துக் குடியரசுத் தலைவரின் பதக்கம் பெற்ற அவரும், பின்னர் டி. கே. எஸ். நாடக சபையில் பயின்றவரே.

சிவாஜி கணேசன் சிறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து முதலில் ஏற்றது சீதை வேடம். ஓர் ஆண்பிள்ளை, வேறொருவருடைய நடையையும் கண்ணீரையும் கற்றுத்தான் நடிக்கத் தொடங்கினான் என்பதை மறக்கவேண்டாம்.

ஆனால் அந்தச் சபைகளில் எல்லாமே நன்மையாக இருந்துவிடவில்லை. சிறுவர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள், பள்ளிப்படிப்பு நின்றது, குரல் உடையும் பருவம் வந்ததும் வேடம் போயிற்று. பேர் பெற்றவர்கள் சிலர். பெறாதவர்களே மிகப் பலர். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குப்பத்திலிருந்தும் தெருவிலிருந்தும்

அண்மைக்காலச் சான்று ஒன்று. மணிகண்டன் இயக்கி 2015-இல் திரைக்கு வந்த 'காக்கா முட்டை'யில் அண்ணன் தம்பியாக நடித்த விக்னேஷும் ரமேஷும் சென்னைக் கடற்கரைக் குப்பத்துச் சிறுவர்கள். சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதை இருவரும் பகிர்ந்து பெற்றார்கள். குப்பத்துப் பிள்ளைகளாக நடிக்க அவர்கள் அழுக்குச் சட்டையையும் பரிதாப முகத்தையும் நம்பவில்லை. அண்ணன் வேறு, தம்பி வேறு என்று, நடையிலும் பார்வையிலும் தெரிந்தது.

நம் ஊரிலேயே மற்றொன்று உண்டு. மீரா நாயர் இயக்கிய 'சலாம் பாம்பே' 1988-இல் வெளியாயிற்று. பம்பாய்த் தெருக்களில் வாழ்ந்த சிறுவர்களையே அதில் நடிக்க வைத்தார்கள். படப்பிடிப்புக்கு முன் பாரி ஜான் என்னும் நாடக ஆசிரியரைக் கொண்டு அவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். முதன்மை வேடமேற்ற ஷஃபீக் சையது என்ற சிறுவன் தேசிய விருது பெற்றான். அவனைப் பற்றியும் பின்னால் கூறுவேன்.

கைகளைப் பாருங்கள்

வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம் என்பதற்கு வருகிறேன்.

கைப்பேசியிலேயே பயணச்சீட்டு எடுப்போர் பெருகிவிட்ட இந்நாளிலும் என் சாளரத்தின் முன் வரிசை ஓய்வதில்லை. கண்ணாடியின் அடியிலுள்ள திறப்பு வழியே எனக்கு முதலில் தெரிவது கைகள்தாம். வீட்டு வேலைக்குச் செல்லும் அம்மாள் சரியான சில்லறையை முன்பே எண்ணி வைத்திருப்பார். வெகுநேரம் கைக்குள் இருந்தபடியால் அந்தக் காசு சூடாக இருக்கும். கட்டட வேலை செய்பவரின் நகக்கண்ணில் சிமெண்டு உலர்ந்திருக்கும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர், சீட்டைக் கண்ணால் காணும்வரை நோட்டை விடமாட்டார். கல்லூரி மாணவனின் கை வரும். கவனம் வேறெங்கோ இருக்கும். ஆளைப் பாராமலே ஆளைச் சொல்லிவிடலாம்.

இதையே சங்கக் கூடத்தில் விளையாட்டாக்கினேன். ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, ஒரு கை நுழையுமளவு இடைவெளி விட்டோம். ஒரு குழந்தை திரைக்குப் பின்னிருந்து கையை மட்டும் நீட்டிச் சீட்டுக் கேட்கவேண்டும். மற்றவர்கள் அது யாருடைய கை என்று சொல்லவேண்டும். முதல் வாரம் எல்லாக் கைகளும் ஒன்றாகவே இருந்தன. மூன்றாவது வாரம் ஒரு சிறுமி கையை நீட்டுமுன் அதைப் புடவைத் தலைப்பில் துடைப்பதுபோல் துடைத்தாள். உடனே நான்கு பிள்ளைகள், "மீன்காரம்மா!" என்று கூவினார்கள். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்தபடி, குழந்தையிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: நீ நடிக்கப்போகும் இவர் எங்கிருந்து வருகிறார்? காட்சிக்கு ஐந்து நிமிடத்துக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

இரண்டாவது: இப்போது இவருக்கு என்ன வேண்டும்? அன்பு வேண்டும், மரியாதை வேண்டும் என்ற பொதுவான விடைகள் உதவா. அந்தக் குடம் வேண்டும், அந்த இடம் வேண்டும், அம்மா திரும்பிப் பார்க்கவேண்டும் என்று குறிப்பாக இருக்கவேண்டும்.

மூன்றாவது: இவர் எதை மறைக்கப் பார்க்கிறார்?

நான்காவது: இவர் கையில் என்ன இருக்கிறது?

ஓர் எடுத்துக்காட்டு. "பள்ளிக்குத் தாமதமாக வந்த மாணவன்" என்று ஒரு காட்சி கொடுத்தேன். எல்லாச் சிறுவர்களும் கைகட்டி, தலைகுனிந்து, நடுங்கினார்கள். ஒருவனைத் தனியே அழைத்து முதற் கேள்வியைக் கேட்டேன். "குழாயடியில் தண்ணீர் பிடித்து மேலே தூக்கி வைத்துவிட்டு வருகிறேன்" என்றான். அது அவன் வீட்டில் நாள்தோறும் நடப்பது. "அப்படியானால் உன் சட்டை எப்படி இருக்கும்?" என்றேன். யோசித்தான். மறுபடி நடித்தபோது நடுங்கவில்லை. புத்தகப் பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றான். நனைந்த சட்டையை ஆசிரியர் காணக்கூடாதென்று அவனுக்கு எண்ணம். "உட்கார்" என்று சொன்னபிறகும் பையை இறக்கவில்லை. கோவண்டியிலும் மான்கூர்டிலும் சீட்டா கேம்ப்பிலும் வாழும் நம் பிள்ளைகள் தண்ணீர் வரிசையையும் ரயில் நெரிசலையும் நாள்தோறும் காண்கிறார்கள். மூன்று நான்கு மொழிகளைக் கேட்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பணம் கொடுத்து வகுப்பில் கற்கவேண்டிய பலவும் இவர்கள் வாசலிலேயே இருக்கின்றன.

ஆச்சியைப் பார்த்த வாரம்

என் மருமகளுக்கும் இதையே செய்தேன். "இந்த வாரம் முழுதும் ஆச்சியுடன் கடைக்குப் போ. நடித்துக் காட்ட வேண்டாம், பார்த்து வந்து சொல்" என்றேன். அவள் விடாமல் பார்த்தாள். என் தாயாரே பொறுக்கமாட்டாமல், "ஏட்டி, என்ன ஒரு வாரமா என் வாயையே பாத்துக்கிட்டு இருக்க?" என்று அதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து சொன்னவை எனக்கே புதியவை. ஆச்சி இந்தியில் விலை கேட்பாளாம். கணக்கை மட்டும் விரல் கணுக்களில் தமிழில் எண்ணுவாளாம். மீன் விற்கும் கோளிப் பெண்ணிடம் உரக்கப் பேசுவாளாம். பஸ் கண்டக்டரிடம் குரலைத் தாழ்த்திக்கொள்வாளாம். முடிவில், "மாமா, ஆச்சிக்கு அவங்க சொல்றது புரியலைன்னா முதல்ல சிரிச்சிருதா. பொறவுதான் திரும்பக் கேக்கா" என்றாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சிரிப்பைப் பார்த்து வருகிறேன். அதன் காரணம் எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்த தேர்வில், "ஒரு மதராஸிக் கிழவி காய்கறி வாங்குவதுபோல் நடி" என்றே கேட்டார்கள். இம்முறை அவள் தலையை ஆட்டவில்லை. விலை கேட்டாள், விடை புரியாமல் சிரித்தாள், சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாக மறுபடி கேட்டாள், விரல் கணுவில் எண்ணினாள். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தேர்வு நடத்திய பெண்மணி, "இன்னொரு முறை செய்" என்றார். செய்தாள். "இது யார்?" என்று கேட்டார். "என் ஆச்சி" என்றாள்.

அவள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அவர்களுக்கு வேண்டிய உயரத்திற்கு இவள் குள்ளமாம். இதை மறைத்துவிட்டு வெற்றிக் கதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்று வடாலாவில் வண்டிக்காக நின்றபோது அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

பெற்றோர்க்குச் சில வார்த்தைகள்

வசனத்தை வரிவரியாக ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கச் செய்யாதீர்கள். தேர்வு நடத்துவோர் பெரும்பாலும், "இதையே கோபமாகச் செய், இதையே ரகசியமாகச் செய்" என்று மாற்றிக் கேட்பார்கள். கிளிப்பிள்ளைபோல் கற்ற குழந்தை அங்கே தடுமாறும்; தான் நடிக்கும் ஆளை அறிந்த குழந்தை தடுமாறாது. குழந்தை பேசும்போது காமிராவின் பின்னால் நின்று நீங்கள் வாயசைக்கவும் வேண்டாம். முகத்தில் அரிதாரம் வேண்டாம். வயிற்றில் உணவும் முதல்நாள் இரவில் உறக்கமும் இருந்தால் போதும்.

முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முதல் தேர்வுக்கு முன் ஒரு தரகரிடம், பெயர்ப் பதிவுக்கென்றும் புகைப்படங்களுக்கென்றும் என் அரைமாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். பதிவும் இல்லை, பணமும் இல்லை. நடிக்கும் குழந்தைக்குத்தான் கூலி கொடுக்கவேண்டுமே தவிர, குழந்தையிடம் கூலி வாங்கக்கூடாது.

தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டால் சட்டத்தை அறிந்திருப்பது அவசியம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளிப்படிப்புக்குக் குந்தகமின்றியே 14 வயதுக்குட்பட்ட குழந்தை நடிக்கலாம். 2017-இன் விதிகள் கூறுவன: படம் எடுப்பவர் மாவட்ட ஆட்சித் தலைவரிடம் அனுமதி பெறவேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது; ஓய்வின்றி மூன்று மணிக்கு மேல் கூடாது; தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்கவேண்டும். குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அக்குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகச் செலுத்தப்படவேண்டும். இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை, கேட்கத் தயங்காதீர்கள்.

பின்னால் சொல்வதாகக் கூறியதை இப்போது சொல்கிறேன். 'சலாம் பாம்பே'யில் நடித்து நாட்டின் விருதைப் பெற்ற ஷஃபீக் சையது, போதிய வாய்ப்பின்றிப் பெங்களூருக்குத் திரும்பி, ஆட்டோ ரிக்ஷா ஓட்டிப் பிழைத்தார். உழைத்துப் பிழைப்பதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் அத்தனை பெரிய திறமைக்கே தொடர்ந்து வேடங்கள் கிடைக்கவில்லை என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும். பாலர் சபைகளில் பெயரின்றி மறைந்த சிறுவர்களும் இப்படித்தான் போனார்கள். ஆகையால் பள்ளியை விடாதீர்கள். தேர்வு நாளும் பரீட்சை நாளும் ஒன்றாக வந்தால் பரீட்சைக்கே அனுப்புங்கள்.

அப்படியானால் இவ்வளவு பயிற்சி எதற்கு என்று கேட்பீர்கள். வேடம் கிடைப்பது நம் கையில் இல்லை. பிறரை உற்றுப் பார்க்கும் பழக்கம் வேடம் கிடைக்காவிட்டாலும் குழந்தையிடம் தங்கிவிடுகிறது. என் மருமகள் இப்போதெல்லாம் கடையில் ஆச்சி சிரித்தவுடன், தானே முன்வந்து, கடைக்காரர் சொன்னதைத் தமிழில் மெதுவாகச் சொல்லிவிடுகிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சங்கக் கூடத்தில் மறுபடியும் ஒத்திகை தொடங்குகிறது. கட்டணம் ஏதுமில்லை. விருப்பமுள்ள பெற்றோர் குழந்தைகளை அழைத்து வாருங்கள். வசனம் மனப்பாடம் செய்து வரவேண்டாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் நாள்தோறும் கையாளும் பை, தூக்குச்சட்டி, மூக்குக் கண்ணாடிக் கூடு, இவற்றுள் ஏதேனும் ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கி வரட்டும். அவர் அதை எப்படிப் பிடிக்கிறார் என்பதையும் பார்த்து வரட்டும். திரை கட்ட என் வேட்டி இருக்கிறது.